ஹார்மோன் ரிப்போர்ட் நார்மல். அப்புறம் இந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது?

மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். ஃபோன் அடித்தாலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும், விடியற்காலையில் விழிப்பு வந்தால் அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. பீரியட்ஸ் வந்து ஓரிரு நாளில் எல்லாம் தானாக அடங்கிவிடும். இதைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போனால் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். ஈஸ்ட்ரோஜன் நார்மல், புரோஜெஸ்டிரோன் நார்மல், தைராய்டு நார்மல் என்று ரிப்போர்ட் வரும். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ரொம்ப யோசிக்காதீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கும் இந்தப் பதில் பல முறை கிடைத்திருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டில் தப்பு இல்லை. ரத்தம் எடுத்த அந்த நேரத்தில் எவ்வளவு ஹார்மோன் இருந்தது என்பதை அது சரியாகவே சொல்கிறது. பதற்றத்தைப் பொறுத்தவரை முக்கியமானது வேறு: ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கத்தை அந்தப் பெண்ணின் மூளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது. அந்த இடத்தில்தான் நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருள் உள்ளே வருகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "எல்லாம் மனசுதான்" என்ற ஒரே வரியைக் கேட்டுவிட்டுத் தங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிற பெண்கள் நிறையப் பேர், அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் செரடோனின். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரத்த சீரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது ரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருளாகத்தான் பார்த்தார்கள். மூளையிலும் அது இருக்கிறது என்று 1953இல் காட்டியவர் பெட்டி ட்வாரோக் என்ற பெண் விஞ்ஞானி. உடலில் உள்ள செரடோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது, ஆனால் அது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. மூளைக்குத் தேவையானதை மூளையே தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது மூளைத்தண்டின் நடுக்கோட்டில் இருக்கும் ராஃபே என்ற செல் கூட்டங்கள். மூளையின் பல ஆயிரம் கோடி நரம்பு செல்களில் இவை வெறும் சில லட்சம். ஆனால் இவற்றின் இழைகள் போகாத இடமே இல்லை. பயத்தை எழுப்பும் அமிக்டலாவுக்குப் போகின்றன, பயத்தை அடக்கும் முன்மூளைப் புறணிக்கும் போகின்றன, நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸுக்கும் போகின்றன.

ராஃபே செல்கள் உணவிலிருந்து வரும் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை எடுத்துச் செரடோனினாக மாற்றுகின்றன. இதில் வேகத்தைத் தீர்மானிக்கிற நொதி ட்ரிப்டோஃபான் ஹைட்ராக்சிலேஸ். மூளைக்கென்று அதில் தனியாக ஒரு வகை இருப்பது 2003இல்தான் தெரியவந்தது. தயாரான செரடோனின் செல்லுக்கு வெளியே விடப்படும், எதிரே இருக்கும் ஏற்பிகளில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களில் போய் ஒட்டும், வேலை முடிந்ததும் செரடோனின் கடத்தி என்ற புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே போனதை மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ என்ற நொதி சிதைத்துவிடும். பள்ளியில் போட்ட தொட்டிக் கணக்கு மாதிரிதான் இது: ஒரு குழாய் நிரப்புகிறது, இரண்டு குழாய்கள் காலி செய்கின்றன, எந்த நேரத்தில் தொட்டியில் எவ்வளவு இருக்கும் என்பது மூன்றையும் பொறுத்தது. போதாததற்கு, ராஃபே செல்லின் மேலேயே 1ஏ என்ற வகை ஏற்பி ஒன்று இருக்கிறது. வெளியே செரடோனின் அதிகமானால் "போதும், நிறுத்து" என்று அந்தச் செல்லுக்கே அது உத்தரவு போடும்.

இப்போது ஈஸ்ட்ரோஜனுக்கு வருவோம். இந்தக் குடும்பத்தில் வலுவானது எஸ்ட்ரடயால். கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் மூளைக்குள் சுலபமாக நுழைந்துவிடும், செல்லின் உட்கருவரை போய் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றும். நான் இதைப் படிக்க ஆரம்பித்தபோது வியந்து நின்ற இடம் இதுதான்: மேலே சொன்ன குழாய்கள் அத்தனையிலும் ஈஸ்ட்ரோஜனின் கை இருக்கிறது. ஒரேகான் தேசிய பிரைமேட் ஆய்வு மையத்தில் சிந்தியா பெத்தியாவும் அவர் குழுவும் பல ஆண்டுகள் ரீசஸ் குரங்குகளை வைத்து இதை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சினைப்பை அகற்றப்பட்ட குரங்குகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது, ராஃபே பகுதியில் செரடோனினைத் தயாரிக்கும் நொதி கூடியது. திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திக்கான மரபணுவின் செயல்பாடு குறைந்தது. சிதைக்கும் நொதிக்கானதும் குறைந்தது, "நிறுத்து" என்று சொல்லும் 1ஏ ஏற்பிக்கானதும் குறைந்தது. எல்லா மாற்றமும் ஒரே திசையில்: செரடோனின் அதிகமாக உருவாகி, அதிக நேரம் நிலைத்திருக்கும்படி. அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்கும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஈஸ்ட்ரோஜன் ஒட்டுகிற ஏற்பியிலும் விஷயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஒரே ஒரு ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1996இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த குழு இரண்டாவது ஒன்றைக் கண்டுபிடித்தது, அதுவும் ஆண் எலியின் புராஸ்டேட் சுரப்பியில். பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா. பதற்றம் என்று வரும்போது இந்த இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பீட்டாவை மட்டும் தூண்டும் மருந்து கொடுத்தால் எலிகளின் பயம் குறைகிறது, திறந்த இடங்களில் தைரியமாக நடமாடுகின்றன; ஆல்ஃபாவை மட்டும் தூண்டினால் அந்தப் பலன் கிடைப்பதில்லை, சில ஆய்வுகளில் பதற்றம் கூடவே செய்தது. பீட்டா ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட பெண் எலிகள் அதிகப் பதற்றத்தோடு இருந்தன. சுண்டெலிகளின் ராஃபே செல்களில் ஈஸ்ட்ரோஜன் அந்தத் தயாரிப்பு நொதியைக் கூட்டுவதற்கும் இந்த பீட்டாதான் தேவைப்படுகிறது. ஆகவே "ஈஸ்ட்ரோஜன் பதற்றத்தைக் குறைக்குமா, கூட்டுமா" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வராது. எந்த ஏற்பி, மூளையின் எந்த இடம், எந்த அளவு, எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது.

செரடோனினையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதை "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று எழுதுகிறார்களே, எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. செரடோனினுக்கு குறைந்தது 14 வகை ஏற்பிகள் இருக்கின்றன, அவற்றில் 2சி என்ற வகை அமிக்டலா பக்கம் தூண்டப்பட்டால் பதற்றம் குறையாது, கூடும். செரடோனின் திரும்ப உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மனநல மாத்திரை ஆரம்பித்த முதல் ஓரிரு வாரம் சிலருக்குப் படபடப்பு அதிகமாவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மாத்திரை சேரவில்லை என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய, முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பலர் தொடர்ந்திருப்பார்கள். செரடோனின் குறைந்தால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் வெளியான ஒரு பெரிய மதிப்பாய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதைப் படித்துவிட்டு "அப்போ செரடோனின் கதையே பொய்" என்ற முடிவுக்குப் போனவர்களும் உண்டு. அந்தத் தாவல் தேவையில்லை. ஒரு வேதிப்பொருள் "குறைவு" என்பது ஒரு வாதம், அது பாயும் அமைப்பு ஹார்மோனுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது என்பது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் நான் இங்கே சான்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஏற்ற இறக்கம் என்றால் எவ்வளவு? மாதவிடாய்ச் சுழற்சியின் ஆரம்ப நாட்களில் எஸ்ட்ரடயால் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 30 முதல் 50 பிக்கோகிராம் இருக்கும். கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன்னால் 200 முதல் 400 வரை ஏறும், சட்டென்று இறங்கும், இரண்டாவது பாதியில் மறுபடி ஓரளவு ஏறி, மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் புரோஜெஸ்டிரோனோடு சேர்ந்து சரியும். இது முழுக்க நார்மல். எல்லாப் பெண்களுக்கும் நடப்பது. அப்படியென்றால் ஏன் சிலருக்கு மட்டும் அந்த ஒரு வாரம் நரகமாகிறது?

இந்தக் கேள்விக்கு மிக அழகான பதில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட்டும் அவரோடு இருந்தவர்களும் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. 1998இல் அவர்கள் வெளியிட்டது இது: மாதவிடாய்க்கு முந்தைய மனத் தொந்தரவு கடுமையாக உள்ள பெண்களுக்கு மருந்து கொடுத்து சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள்; பலருக்குத் தொந்தரவு போய்விட்டது. பிறகு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ சாதாரண அளவில் திரும்பக் கொடுத்தார்கள், தொந்தரவு திரும்பி வந்தது. இந்தப் பிரச்சினை இல்லாத பெண்களுக்கு அதே மருந்து, அதே ஹார்மோன், ஒன்றும் ஆகவில்லை. அதாவது ஹார்மோன் அளவு இரண்டு பேருக்கும் ஒன்று, மூளை அதற்குக் காட்டும் எதிர்வினை வேறு. 2017இல் அதே குழு இன்னும் ஒரு படி போனது. ஹார்மோனைத் திரும்பக் கொடுத்த முதல் மாதம் தொந்தரவு வந்தது, ஆனால் அதே அளவை மாறாமல் தொடர்ந்து கொடுத்தபோது அடுத்தடுத்த மாதங்களில் அடங்கிவிட்டது. தாழ்விலிருந்து உயர்வுக்கு நகர்ந்த அந்த மாற்றம்தான் தூண்டியிருக்கிறது. இறங்குவது மட்டுமே வில்லன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது முக்கியமான செய்தி. "நார்மல்" என்று வருகிற ஒற்றை ரத்தப் பரிசோதனை இதில் எதையும் பிடிக்காது என்பதும் இங்கே புரிந்துவிடும்.

மாதாமாதம் வரும் இந்தக் கடுமையான நிலைக்கு பிஎம்டிடி என்று பெயர். மாதவிடாய் வருகிற பெண்களில் ஏறக்குறைய 3 முதல் 8 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டின் ஐந்தாவது பதிப்பில்தான் அது முழு நோயாக இடம்பெற்றது. அதற்கும் செரடோனினுக்கும் உள்ள தொடர்பை நேரடியாக மூளைக்குள் பார்த்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரில், யூலியா சாக்கரின் குழு, 2023இல். பிஎம்டிடி உள்ள பெண்களை சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களில் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நடுமூளையில் செரடோனின் கடத்தி சராசரியாக 18 சதவீதம் கூடியிருந்தது. செரடோனினை வெளியே இருக்க விடாமல் உள்ளே இழுப்பது அந்தக் கடத்திதான். எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் அடைப்பதும் அதே கடத்தியைத்தான். சாதாரணப் பதற்ற நோய்க்கு இந்த மருந்து பலன் தரப் பல வாரங்கள் ஆகும், ஆனால் பிஎம்டிடிக்கு சில நாட்களிலேயே பலன் தெரிகிறது, அதனால் மாதம் முழுக்கச் சாப்பிடாமல் மாதவிடாய்க்கு முந்தைய கடைசி இரண்டு வாரம் மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால், "வாழ்நாள் முழுக்க மாத்திரையா" என்று பயந்து டாக்டரிடமே போகாமல் இருப்பவர்களில் சிலராவது போவார்கள்.

இங்கே புரோஜெஸ்டிரோனை விட்டுவிடக் கூடாது. அது மூளையில் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறி, காபா என்ற அமைதிப்படுத்தும் அமைப்பைத் தொடுகிறது. சில பெண்களுக்கு அமைதிக்குப் பதிலாக எரிச்சலையும் பதற்றத்தையும் அது கொண்டுவருகிறது. ஈஸ்ட்ரோஜனும் செரடோனினும் முக்கியமானவை, முழுப் படமும் அவையே என்று நான் சொல்லவில்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும். கர்ப்ப காலம் முழுக்க ஏறிக்கொண்டே போன ஈஸ்ட்ரோஜன், நச்சுக்கொடி வெளியேறிய சில நாட்களுக்குள் நூறு மடங்குக்கும் மேல் விழுகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஹார்மோன் இவ்வளவு வேகமாக மாறுகிற தருணம் வேறு இல்லை. 2010இல் கனடாவின் டொரான்டோவில், இதே சாக்கர் அப்போது அங்கே இருந்தார், பிரசவமாகி 4 முதல் 6 நாட்கள் ஆன ஆரோக்கியமான தாய்மார்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்: செரடோனினைச் சிதைக்கும் அந்த மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ, சமீபத்தில் கர்ப்பமாகாத பெண்களைவிட சராசரியாக 43 சதவீதம் அதிகம். தாய்மார்கள் காரணமில்லாமல் அழுவதும் கலங்குவதும் உச்சத்தில் இருப்பது சரியாக அந்த நாட்களில்தான். "குழந்தை நல்லா இருக்கு, நீ ஏன் அழுற" என்று கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களிடம் இந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று தோன்றும் எனக்கு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். தணியாதவர்களைக் கவனிக்க வேண்டும், முக்கியமாகப் பதற்றத்தை. ஏனென்றால் எல்லோரும் "சோகமா இருக்கியா" என்றுதான் கேட்கிறார்கள். குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பதையும், குழந்தைக்கு ஏதாவது நேர்ந்துவிடுவதாக வேண்டாத காட்சிகள் மனதில் ஓடுவதையும் எந்தத் தாயும் தானாகச் சொல்ல மாட்டாள், தன்னைத் தப்பாக நினைத்துவிடுவார்கள் என்று பயப்படுவாள். அப்படிப்பட்ட எண்ணங்கள் பல புதிய தாய்மார்களுக்கு வருகின்றன. அவை வந்து அவள் நடுங்குகிறாள் என்றால் அவளிடம் ஆபத்து என்று பொருள் இல்லை, உதவி வேண்டும் என்று பொருள். இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது, காதில் கேட்கிறது, தூக்கமே தேவைப்படவில்லை, யதார்த்தம் புரியவில்லை என்றால் அது அவசரம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெனோபாஸ் பக்கம் வந்தால், நாற்பதுகளில் தொடங்கும் அந்த இடைக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மெல்ல மெல்லக் குறைவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மாதம் இளமைக்காலத்தைவிட அதிகமாகவும் அடுத்த மாதம் அதலபாதாளத்திலும் இருக்கும். வாழ்க்கையில் அதுவரை பதற்றம் என்றால் என்னவென்றே தெரியாத பெண்கள் திடீரென்று வண்டி ஓட்டப் பயப்படுவதும், கூட்டத்தில் மூச்சு முட்டுவதும் இந்த வயதில்தான். உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கும்போது இதயமும் வேகமாக அடிப்பதால், அது ஹாட் ஃப்ளஷ்ஷா பேனிக் அட்டாக்கா என்று அனுபவிப்பவருக்கே தெரியாது. இரண்டும் செரடோனின் வழியாக ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதற்கு ஒரு சான்று: எஸ்எஸ்ஆர்ஐ வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டின், 7.5 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில், ஹாட் ஃப்ளஷ்ஷுக்கான மருந்தாகவே 2013இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள் பராக்ஸெட்டினைத் தவிர்க்க வேண்டும், டமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை அது தடுத்துவிடும்.

ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பலருக்கு உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கருப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோன் சேர்க்காமல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். கண்ணில் மின்னல் கீற்றுகளோடு வரும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். கடைகளில் கிடைக்கும் 5-எச்டிபி போன்ற செரடோனின் ஊக்கிகளை எஸ்எஸ்ஆர்ஐயோடு சேர்த்து நீங்களாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள், செரடோனின் அளவுக்கு மீறினால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் ஆகாது. குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு, தினமும் இரவு, பதற்றம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு, தூக்கம் எப்படி என்று ஒன்றிலிருந்து ஆறு வரை மதிப்பெண் போட்டு எழுதி வையுங்கள், மாதவிடாய் தொடங்கிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஎம்டிடியை உறுதிசெய்ய மருத்துவர்கள் கேட்பதும் இதைத்தான், நினைவிலிருந்து சொல்வது போதாது. அந்தத் தாளைப் பார்த்தால் மூன்று விதமான போக்குகளில் ஏதாவது ஒன்று தெரியும். மாதவிடாய்க்கு முன் ஏறி, வந்ததும் இறங்கி, நடுவில் ஒரு வாரமாவது முழுக்கத் தெளிவாக இருந்தால் பிஎம்டிடியா என்று கேளுங்கள். மாதம் முழுக்கப் பதற்றம் இருந்து கடைசி வாரம் மட்டும் மோசமானால், அடியில் ஒரு பதற்ற நோய் இருந்து, ஹார்மோன் அதைக் கிளறிக்கொண்டிருக்கலாம். அப்போது கடைசி இரண்டு வார மாத்திரை போதாது, தொடர்ச்சியான மருந்தோ சிபிடி என்ற உளவியல் சிகிச்சையோ இரண்டுமோ தேவைப்படும். எந்த ஒழுங்கும் தெரியவில்லை என்றால் தைராய்டு, ரத்தசோகை, நீங்கள் சாப்பிடும் வேறு மருந்துகள் என்று அந்தப் பக்கம் தேடச் சொல்லுங்கள்.